புது ரேடியேட்டர் வாங்குமுன் டைமிங்கைப் பாருங்கள்

கேள்வி: அப்பா காலத்து அம்பாசிடர் ஒன்று வைத்திருக்கிறேன், 1489 சிசி பெட்ரோல். திருநெல்வேலி டவுனுக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை. நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது. வள்ளியூரில் நிறுத்தி ஆறவிட வேண்டியிருக்கிறது. போன மாதம் பாயிண்ட் மாற்றியதிலிருந்து பிக்கப்பும் குறைவு. ஒரு ஒர்க்‌ஷாப்பில், "அண்ணாச்சி, ரேடியேட்டர் போச்சு, புதுசு போட்டிருங்க" என்கிறார்கள். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்கிறார். எதற்குச் செலவு செய்வது?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பாயிண்ட் மாற்றிய பிறகு பிக்கப் குறைந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

பெட்ரோல் பற்றி எரிந்து முடிய நேரம் பிடிக்கும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு சுவிட்ச்தான் பாயிண்ட்; அது திறக்கும்போதுதான் பொறி விழும், அந்த நேரம்தான் டைமிங். பொறி தாமதமானால் பிஸ்டன் இறங்கும்போதும் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். பிஸ்டனைத் தள்ளவேண்டிய சூடு சிலிண்டர் சுவருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஹெட்டுக்கும் போகும். அவற்றைச் சுற்றி ஓடுவது ரேடியேட்டர் தண்ணீர்தானே! இழுவை குறைவதால் நீங்கள் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பீர்கள். இன்னும் பெட்ரோல், இன்னும் சூடு.

புது பாயிண்டின் ஹீல் (சுழலும் கேமில் உரசும் முனை) முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேயும். இடைவெளி குறுகினால் பாயிண்ட் பிந்தித் திறக்கும், டைமிங்கும் பின்தங்கும். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இடைவெளி சுமார் 0.015 அங்குலம் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் டைமிங் லைட் பிடிக்கச் சொல்லுங்கள். காதால் கேட்டே டைமிங் வைக்கும் கெட்டிக்கார மெக்கானிக்குகள் நம்ம பக்கம் உண்டு. ஐடிலிங்கில் அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் ஹைவேயில் தேவைப்படும் அட்வான்ஸ் காதுக்குத் தெரியாது.

வேகம் கூடக்கூடப் பொறியை முன்னுக்குத் தள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. அவை துருப்பிடித்து மாட்டிக்கொண்டால் ஊருக்குள் வண்டி ஒழுங்காக ஓடும், ஹைவேயில் சுடும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு ரேஸ் கொடுத்தால், டைமிங் லைட்டில் புல்லியின் குறி நகர வேண்டும். பிறகு அந்தக் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தட்டு அசைந்து, விடும்வரை அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம்.

டைமிங்கை அளவுக்கு மீறி முன்னால் வைத்தாலும் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) வந்து சூடேறும். அதற்குப் பயந்தே சிலர் பின்னால் தள்ளி வைக்கிறார்கள்.

ரேடியேட்டரிலும் குறை இருக்கலாம், மறுக்கவில்லை. வருஷக்கணக்கில் போர்த் தண்ணீர் ஊற்றிய வண்டி என்றால் குழாய்களில் உப்புப் படிந்திருக்கும். ஹைவே சூட்டுக்கு அதுவும் காரணமாகும். டைமிங் சரியான பிறகும் முள் ஏறினால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புதிது வாங்குவது அதற்கும் அப்புறம். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு, அதைக் கழற்றுவது வைத்தியமே இல்லை. சந்தேகமிருந்தால் கொதிநீரில் போட்டுப் பாருங்கள், திறக்க வேண்டும். வள்ளியூரில் ஓரங்கட்டும்போது சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் பிரீமியர் பத்மினி காருக்கு ஒர்க்‌ஷாப் சொன்னபடி புது ரேடியேட்டர் போட்டேன். சூடு அப்படியே இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பில்லைப் பாருங்கள். "ரேடியேட்டர் மாற்றியது" என்று மட்டும் இருந்தால் வாதாடுவது சிரமம். சூடேறுவதைச் சரிசெய்ய என்று எழுதியிருந்தால் சேவைக் குறைபாடு என்று கேட்கலாம். முதலில் கடையிலேயே எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இதற்கிடையில் வேறு மெக்கானிக் டைமிங்கைச் சரிசெய்து சூடு குறைந்தால், என்ன குறை கண்டார், என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட்ட பில் வாங்கி வையுங்கள். ஆணையத்தில் அது உதவும்.