ரிப்பீட்டர் பேட்சா, கிடைத்த சீட்டா?

அன்புள்ள மேடம்,

எனக்குத் துறையூர் பக்கம். 2025-ல் பிளஸ் டூ முடித்தேன், 600-க்கு 541. நீட்டில் 720-க்கு 398. அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். தம்பி ஒன்பதாவது படிக்கிறான்.

என் மார்க்குக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்காது. தனியாரில் சேர எங்களுக்கு வசதி இல்லை. நாமக்கல்லில் ஹாஸ்டலோடு ரிப்பீட்டர் பேட்சில், அதாவது நீட்டை மறுபடி எழுதுகிறவர்களுக்கான கோச்சிங்கில், சேர்த்துவிடுகிறேன் என்கிறார் அப்பா. ஒன்றரை லட்சம் ஆகுமாம். “அம்மா நகையை வெச்சுக்கலாம், ஒரே ஒரு வருஷம்தானே” என்கிறார். இதற்கிடையில் பி.எஸ்சி. அக்ரி கவுன்சலிங்கில் ஓர் இடம் வந்திருக்கிறது. பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு எதையுமே படிக்கத் தோன்றவில்லை. இரண்டு வருஷமாகக் காலை நாலரைக்கு எழுந்தவள், ரிசல்ட் வந்ததிலிருந்து பத்து மணி வரை படுத்தே கிடக்கிறேன். சாப்பாடு இறங்குவதில்லை. பெரியம்மா போன் வந்தால் பாத்ரூமுக்குள் போய்விடுகிறேன். ஒரு வருஷம் சும்மா வீட்டில் இருந்தால் தேவலை போலிருக்கிறது. அதைச் சொல்ல வாய் வராமல், “சரிப்பா, ரிப்பீட் பண்றேன்” என்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் போனால் எல்லாரையும் விடப் பின்தங்கிவிடுவேனா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

சீட்டு, கோச்சிங் எல்லாம் அப்புறம். தூக்கமும் சாப்பாடும் மாறிப்போய், ஆட்களைக் கண்டு ஒளிவது வாரக்கணக்கில் நீடித்தால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டு. போக முடியாவிட்டால் 14416 அல்லது 104-க்கு போன் செய், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் நடுராத்திரி ஆனாலும் உடனே கூப்பிடு, அம்மாவையும் எழுப்பு.

சரி, இப்போது உன் கேள்வி. ஒரு வருஷத்தில் யாரும் பின்தங்குவதில்லை. ஒன்றிரண்டு தடவை எழுதிவிட்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஏராளம். நீட்டுக்கு உச்ச வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் இல்லை.

என் கவலை வேறு. உனக்கு வேண்டியது ஓய்வு, நீ ஒப்புக்கொண்டிருப்பதோ ரிப்பீட்டர் பேட்ச். அங்கே விடிகாலை ஸ்டடி, பகல் முழுக்க வகுப்பு, வாராவாரம் டெஸ்ட், டெஸ்ட் முடிந்ததும் ரேங்க் பட்டியல். தெம்பாகப் போகிறவர்களுக்கே தீபாவளி தாண்டினால் சலித்துவிடும். களைத்துப்போன நீ, நகை அடகில் இருக்கும்போது போய் உட்கார்ந்தால், ஒவ்வொரு டெஸ்ட் மார்க்கும் உனக்கு வட்டிக் கணக்காகத்தான் தெரியும்.

அதற்காக வீட்டில் சும்மா இருப்பதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் வீடுகளில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு ஓய்வு எங்கே கிடைக்கிறது? வந்தவர்களுக்குக் காபி போடுவாய், தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவாய், தை பிறந்தால் யாராவது ஜாதகம் கேட்டு வருவார்கள்.

முதலில் அந்த 398 எப்படி வந்தது என்று பார். நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை விடைக்குறிப்போடு உன் ஓஎம்ஆர் விடைத்தாளின் படத்தையும் கொடுத்திருக்கும். கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்து, விட்டதும் தப்பானதுமான ஒவ்வொரு கேள்விக்கும் பென்சிலால் குறி: பாடமே தெரியாதது, தெரிந்தும் நேரம் போதாதது, குத்துமதிப்பாகப் போட்டது. 180 நிமிஷத்தில் 180 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. நேரத்திலும் குத்துமதிப்பிலும் போனதே அதிகமென்றால், ஒரு வருஷப் பயிற்சியில் அதைச் சரிசெய்துவிட வாய்ப்பு உண்டு. ஃபிசிக்ஸில் அடிப்படையே ஆடுகிறது என்றால் அது பெரிய வேலை. 2025-ல் ஃபிசிக்ஸ் எல்லாரையும்தான் படுத்தியது, ஆனால் அடுத்த தாள் லேசாக வரும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். கட்-ஆஃபும் அப்படித்தான். 2024-ல் 720-க்கு 720 வாங்கியவர்களே பல பேர், 2025-ல் நாட்டிலேயே முதலிடம் 686. இன்னும் நூறு மார்க் எடுத்தால் போதும் என்று இன்றைக்குப் போடுகிற கணக்கு அடுத்த மே மாதம் செல்லாமல் போகலாம்.

அக்ரியை உன் வீட்டில் ஆறுதல் பரிசு மாதிரி பேசுகிறார்களோ என்னவோ. நாலு வருஷப் படிப்பு. முடித்தால் டிஎன்பிஎஸ்சி வேளாண் அலுவலர், வங்கிகளின் வேளாண் கள அலுவலர் என்று அதற்கென்றே தேர்வுகள் இருக்கின்றன, மேற்படிப்பும் உண்டு. சேர்ந்துகொண்டே நீட் எழுதலாம், தடை இல்லை. ஆனால் செமஸ்டர், ரெக்கார்டு, வயல் வேலை எல்லாவற்றுக்கும் நடுவே அதற்கும் படிப்பது பலருக்கு முடிகிற காரியமில்லை, அந்த நம்பிக்கையில் மட்டும் சேராதே. பாதியில் விலகினால் பணம் எவ்வளவு திரும்பும், சான்றிதழ்களை எப்போது தருவார்கள் என்பதைக் கட்டுவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடு.

நீ டாக்டராக ஆசைப்படுகிறாயா என்று கடிதத்தில் எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆசை இருந்து, பென்சில் கணக்கும் கைகொடுத்தால் ரிப்பீட் செய். அடுத்த வாரமே பெட்டி கட்டாதே, மூன்று நாலு வாரம் தூங்கி எழு. ஹாஸ்டல்தான் வேண்டும் என்றும் இல்லை. திருச்சிக்குத் தினமும் போய்வரும் பேட்ச், வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் டெஸ்ட் என்று செலவு குறைந்த வழிகளையும் விசாரி. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அக்ரிக்குப் பணம் கட்டு என்பதுதான் என் அபிப்பிராயம்.

அப்பாவிடம் வாய் வரவில்லையென்றால் எனக்கு எழுதிய கடைசிப் பத்தியை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடு. மண்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம், ராத்திரி சாப்பாடு முடிந்தபின் கொடு. கணக்கு எழுதுகிறவர், பென்சில் குறித்த கேள்வித்தாளையும் கூடவே வைத்தால் பொறுமையாகப் பார்ப்பார். அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல். அடகுக்குப் போவது அவருடைய நகைதானே, அவர் என்ன நினைக்கிறார் என்று இதுவரை யாராவது கேட்டீர்களா?