மேக்னட்டோவா, டிஸ்ட்ரிபியூட்டரா? வாங்குமுன் கேளுங்கள்

கேள்வி: 1950-களின் ஆங்கிலேய ஒற்றை சிலிண்டர் பைக்குகள் இரண்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் மேக்னட்டோ (பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க்கைத் தரும் கருவி) அப்படியே இருக்கிறது. மற்றதைப் பேட்டரி, காயிலுக்கு மாற்றிவிட்டார்கள். எதை எடுக்கலாம்? – கோவை வாசகர்

பதில்: அலங்காரத்துக்கும் மறுவிற்பனைக்கும் முதலாவது, தினமும் ஆபீஸ் போக இரண்டாவது. மேக்னட்டோ தனக்கு வேண்டிய கரன்ட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும், வேகம் கூடக் கூட ஸ்பார்க்கும் வலுக்கும். ஆனால் கிக்கரை அரைமனதாக மிதித்தால் ஸ்பார்க் சோம்பலாகத்தான் வரும். காயிலில் இது தலைகீழ்: மெதுவாக மிதித்தாலும் நல்ல ஸ்பார்க் கிடைக்கும், பேட்டரி இறங்கினால் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். எதை எடுத்தாலும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: ரீவைண்டிங் (உள்ளே புதுக் கம்பி சுற்றுவது) செய்த மேக்னட்டோ என்று 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். காலையில் ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகிறது. பத்துக் கிலோமீட்டர் போனதும் நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது. "பெட்ரோல்தான் சரியில்லை" என்கிறார் விற்றவர். – மதுரை வாசகர்

பதில்: பெட்ரோல் மேல் பழி போடுவது பழைய தந்திரம். உங்கள் மேல் தப்பே இல்லை.

சூட்டில் சாவதும் ஆறினால் பிழைப்பதும் மேக்னட்டோவின் வழக்கமான நோய். அந்தக் காலத்து ஆர்மேச்சரில் (மேக்னட்டோவுக்குள் சுழலும் பகுதி) கம்பிச் சுற்றுக்கு அரக்குப் பூசியிருப்பார்கள். வயதாகி, சூடேறினால் அது இளகிவிடும். போதாததற்குக் கண்டென்சரும் (மின்தேக்கி) ஆர்மேச்சருக்குள்ளேயே, அதே சூட்டில் உட்கார்ந்திருக்கும். அதை மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அதனால் பலர் வெளியே பாலீஷ் போட்டு, பேரிங்கில் கிரீஸ் வைத்து, 'ரீவைண்டிங்' என்று எழுதிவிடுகிறார்கள். கடை மேஜையில் கையால் சுற்றிக் காட்டும்போது நீலமாக ஒரு ஸ்பார்க் தாவும். நாமும் வாயைப் பிளந்து பர்ஸைத் திறப்போம். மேஜையில் ஏது சூடு? நானும் ஒருமுறை 'புது காயில்' என்று பெட்டியோடு வாங்கினேன். பெட்டி மட்டும்தான் புதிது.

இனி எவரிடம் கொடுத்தாலும் சுற்றிய கம்பியும் மாற்றிய கண்டென்சரும் பில்லில் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். வண்டியில் பூட்டி, நன்றாகச் சூடேற்றி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் உட்காரவே உட்காராதீர்கள்.

உங்கள் விஷயத்தில், பழுதை எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில்லும் பணம் அனுப்பிய ரசீதும் பத்திரம். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் அம்பாசடர் டீசல் வண்டி. நல்ல டிஸ்ட்ரிபியூட்டர் போட்டால் மைலேஜ் கூடும் என்று ஒருவர் விற்க வருகிறார். வாங்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க்கே கிடையாது. அவரை வாசலோடு அனுப்புங்கள்.

கேள்வி: பெட்ரோல் அம்பாசடருக்குப் புதுப்பேட்டையில் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கினேன். பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல இருந்ததால் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது மேட்டில் இழுக்கவில்லை, ஒவ்வொரு கியரிலும் உதறுகிறது. பாயின்ட்டை (உள்ளே கரன்ட்டை வெட்டி வெட்டி விடும் தொடுமுனை) மூன்று தடவை மாற்றிவிட்டேன். – சென்னை வாசகர்

பதில்: பிரித்துப் பார்க்க இரண்டு கிளிப்பைத் தள்ளினால் போதும் சார், ஸ்பேனர்கூட வேண்டாம்! கேப்பைக் கழற்றி, தண்டின் உச்சியில் சுற்றும் ரோட்டாரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பாயின்ட் இடைவெளியை 0.4 மி.மீ. என்று எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் தண்டு சுற்றும்போது அது சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். நூறு பாயின்ட் மாற்றினாலும் இதேதான். அப்புறம் ரோட்டாரைக் கையால் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானே திரும்ப வேண்டும். வேக்குவம் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினால் உள்தட்டு நகர வேண்டும். இவை இல்லாவிட்டால் வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ப டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) மாறாது, மேட்டில் எங்கே இழுக்கும்? வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எடையும் ஸ்பிரிங்கும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறு. உங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் பாடியில் பொறித்த எண்ணை இதோடு ஒப்பிட்டீர்களா?

கேள்வி: மேக்னட்டோ வைத்த பழைய மண்ணெண்ணெய் பம்ப்செட் ஒன்று பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்தாலும் எஞ்சின் நிற்பதில்லை. "சின்ன வேலை" என்கிறார்கள். – தஞ்சை வாசகர்

பதில்: செலவில் சின்னதுதான், ஆபத்தில் இல்லை. மேக்னட்டோவில் சுவிட்ச் கரன்ட்டைத் துண்டிப்பதில்லை; காயிலை எஞ்சின் பாடியோடு சேர்த்து எர்த் செய்துதான் நிறுத்துகிறது. அந்த ஒயர் அறுந்தால் எஞ்சின் எப்போதும் 'ஆன்'. நின்றிருக்கும் சக்கரத்தைச் சும்மா கையால் சுற்றினால்கூட எகிறலாம். சுற்றிப் பார்ப்பதற்கு முன் பிளக் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். ஒயரை மாற்றி, சுவிட்சில் நிறுத்திக் காட்டட்டும், பிறகு விலை பேசலாம்.