'திடீரென்று' என்று எழுதாதீர்கள்

கேள்வி: சீனாவில் ஒன்றாகச் சேர்ந்து வடக்கே படையெடுத்த கோமிந்தாங்கும் (தேசியவாதக் கட்சி) கம்யூனிஸ்டுகளும் 1927ல் திடீரென்று ஒருவரையொருவர் கொல்லத் தொடங்கியது ஏன்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: 'திடீரென்று' என்ற சொல்லோடு எனக்குப் பல வருஷப் பகை. நமக்கு வரும் வரலாற்றுக் கட்டுரைகளில் முதலில் அதைத்தான் அடிப்பேன். பாலம் இடிந்தாலும் திடீரென்று, பஞ்சம் வந்தாலும் திடீரென்று என்று எழுதிவிடுகிறோம். விரிசலைப் பார்த்து முன்பே சொன்னவர் ஒருவர் இருந்திருப்பார். அவரைத் தேடும் வேலை மிச்சமாகிவிடுகிறது.

சீனாவில் அந்த ஆள் சென் துசியு, கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். 1926 மார்ச் 20 அன்றே, சோங்ஷான் என்ற போர்ப்படகைச் சாக்காக வைத்து, கோமிந்தாங் ராணுவத் தலைவர் சியாங் கை ஷேக், அந்தக் கட்சியின் ஆட்சி இருந்த கான்டனில் ராணுவச் சட்டம் போட்டார். கம்யூனிஸ்டுகளைக் கைது செய்தார், சோவியத் ஆலோசகர்களின் வீடுகளைச் சுற்றி வளைத்தார். மே மாதம், கோமிந்தாங்குக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் தங்கள் உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்க வேண்டும், துறைத் தலைமை ஏற்கக் கூடாது என்று நிபந்தனைகள் வந்தன. கோமிந்தாங்கைவிட்டு வெளியே வந்து, வெளியிலிருந்து கூட்டணி வைப்போம் என்றார் சென். மாஸ்கோ சம்மதிக்கவில்லை. 1927 ஏப்ரல் தொடக்கத்தில்கூட, சியாங்கை எலுமிச்சம்பழம்போலப் பிழிந்துவிட்டு எறிந்துவிடலாம் என்று ஸ்டாலின் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து ஷாங்காயில் பிழியப்பட்டது யார்?

அப்புறம், 'ஒருவரையொருவர்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஷாங்காயில் அப்படி நடக்கவில்லை. அந்த நகரத்தின் சீனப் பகுதியை மார்ச் 21ல் எழுந்து சியாங்கின் படைக்குப் பிடித்துக்கொடுத்தவர்களே கம்யூனிஸ்டுகள் திரட்டிய தொழிலாளர்கள். அவர்கள் சங்கத் தலைவர் வாங் ஷோஹுவாவை ஏப்ரல் 11 இரவு விருந்துக்குக் கூப்பிட்டுக் கொன்றான் தாதா து யூஷெங். மறுநாள் விடிவதற்குள் அவன் ஆட்களும் சியாங்கின் ராணுவமும் தொழிலாளர் படையின் ஆயுதங்களைப் பறித்தார்கள். 13ஆம் தேதி மனுவோடு ஊர்வலம் வந்தவர்கள்மீது பாவோஷான் சாலையில் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் அவர்கள். அதைப் 'பரஸ்பரச் சண்டை' என்று நான் அச்சில் ஏற்ற மாட்டேன்.

அப்போது சீனாவில் இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் எம்.என். ராயைப் பற்றி எப்போது எழுதினாலும், 'தந்தியைக் காட்டிக் கெடுத்தவர்தானே?' என்று கடிதம் வரும். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலமான கோமிண்டர்னின் பிரதிநிதியாக வூஹானில் இருந்த ராய், ஜூன் மாதம் ஸ்டாலினின் தந்தியை இடதுசாரி கோமிந்தாங் தலைவர் வாங் சிங்வெய்யிடம் காட்டினார். 20,000 கம்யூனிஸ்டுகளையும் 50,000 தொழிலாளர், விவசாயிகளையும் கொண்டு படை கட்டுங்கள், கோமிந்தாங் தலைமையை மாற்றுங்கள் என்பது அதில் இருந்தது. மாற்றப்பட வேண்டியவரிடமே அதைக் காட்டியது பெரிய பிசகுதான், ராயை நேசிக்கிற நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த உத்தரவு ஒரு வருஷம் முன்பு, கான்டனிலேயே வந்திருக்க வேண்டும். அது ராயின் கையில் இல்லை.

ஜூலை 15ல் வாங்கும் கம்யூனிஸ்டுகளை வெளியேற்றினார். ஆகஸ்ட் 1ல் சூ என்லாய், ஹோ லுங், சூ தே முதலானோர் நான்சாங்கில் கிளர்ந்தெழுந்தார்கள். உள்நாட்டுப் போரை அங்கிருந்துதான் பலர் எண்ணுகிறார்கள். ஆறு நாள் கழித்து, சென் துசியு இல்லாமலே ஹாங்கோவில் கூடிய அவசரக் கூட்டம், தோல்விக்குக் காரணம் அவருடைய சந்தர்ப்பவாதம் என்று தீர்மானித்தது. வெளியே வந்துவிடலாம் என்று 1926லேயே கேட்டவர் அவர்.