சும்மா இருந்தாலும் செலவுதான்: காலநிலை மாற்றம் குறித்த கேள்வி பதில்

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஆகும் செலவு, கண்டுகொள்ளாமல் விட்டால் வரும் நட்டம் இரண்டையும் பற்றி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): சார், எவ்வளவு செலவு, எவ்வளவு நட்டம் என்று நேரடியாக ஒரு கணக்கு இருக்கிறதா?

பதில்: அதிகம் பேசப்படுவது, பிரிட்டன் அரசுக்காகப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் தந்த அறிக்கை. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்களைக் குறைக்க, உலகின் மொத்த உற்பத்தியில் ஆண்டுக்குச் சுமார் 1% செலவாகும் என்றார். ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஆண்டுதோறும் குறைந்தது 5%, மோசமானால் 20% வரை இழப்பதற்குச் சமம் என்றும் சொன்னார். நிலைமை எதிர்பார்த்ததைவிட வேகமாக மோசமாகிறது என்று 2008இல் அந்த 1%ஐ அவரே 2% ஆக்கினார். அப்படியும் தராசு ஒரு பக்கம்தான் சாய்கிறது.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற நார்ட்ஹவுஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லையே?

பதில்: நீங்கள் வங்கிக்காரர், சட்டென்று பிடிபடும். சண்டை பெரும்பாலும் வட்டி விகிதத்தில்தான், அதாவது வருங்கால நட்டத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கழிப்பது என்பதில். நூறு வருடம் கழித்து 1 கோடி ரூபாய் நட்டம் வரப்போகிறது, அதைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? ஸ்டெர்ன் வைத்ததுபோல 1.4% போட்டால் சுமார் 25 லட்சம் வரை போகலாம். 4.5% போட்டுப் பாருங்கள், ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டாது. நார்ட்ஹவுஸ் உயர்ந்த விகிதத்தின் பக்கம் நின்றார்.

ஆனால் சும்மா இருங்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. புகையாக வெளியேறும் கார்பனுக்கு வரிபோல ஒரு விலை வையுங்கள், அதைப் படிப்படியாக ஏற்றுங்கள் என்றார். இருவருக்கும் உள்ள வேறுபாடு வேகத்தில்தான். நான் ஸ்டெர்ன் பக்கம். இன்னும் பிறக்காத பிள்ளையின் நட்டத்தை, அது பின்னால் பிறக்கும் என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (தென்னை விவசாயி, பட்டுக்கோட்டைப் பக்கம்): ஐயா, கஜா புயலில் எங்கள் தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது. எங்கள் நட்டம் இந்தக் கணக்கில் எல்லாம் வருமா?

பதில்: சரியாக வராது ஐயா, எனக்குப் பெரிய வருத்தமே அதில்தான். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஒரு வருடத்தில் புதிதாக உண்டானதன் மதிப்பு. ஏற்கெனவே இருந்த மரம் விழுந்தால் அதில் கழிக்க இடமில்லை. விழுந்த மரத்தை அறுக்கக் கொடுத்த கூலி, மாற்றிய ஓடு, நட்டுக்கொடுத்த புது மின்கம்பம் எல்லாம் கூட்டலில் சேர்ந்துவிடும். 2018 நவம்பரில் விழுந்த மரத்துக்குப் பதிலாக அடுத்த மாதமே நாட்டு ரகக் கன்று வைத்திருந்தாலும், அது பாளை விட ஐந்து முதல் ஏழு வருடம். நிறைந்த காய்ப்புக்கு இன்னும் கொஞ்சம். அத்தனை வருடமும் வராமல் போன தேங்காய் வெட்டுக் காசு, நாட்டின் உற்பத்திக் குறைவில் ஒரு துளியாகக் கலந்துவிடும். அது உங்கள் நட்டம் என்பதும், அதற்காக வாங்கிய கடன், கட்டிய வட்டியும் உங்கள் வீட்டு நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரு குறிப்பிட்ட புயலை முழுக்கக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. கடல் சூடேறினால் புயலுக்கு வலுவும் மழையும் கூடும் என்பது மட்டும் உறுதி.

தடுப்புச் செலவால் கிடைக்கும் பலனுக்கும் இதே கதிதான். ஒடிசாவில் 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அப்புறம் புயல் காப்பகங்கள் கட்டினார்கள், எச்சரிக்கையைக் கிராமம் வரை கொண்டுபோனார்கள். 2019இல் ஃபானி வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். அங்கே இறந்தவர்கள் 64 பேர். காப்பகம் கட்டிய செலவு பட்ஜெட்டில் தெரியும். அதனால் பிழைத்தவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

கேள்வி (சிறுதொழில் செய்பவர், கோவை): புகை விட்டுப் பணக்காரர்கள் ஆனது மேற்கு நாடுகள். நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?

பதில்: கேள்வியில் இருக்கும் நியாயத்தை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பணம் தரத்தான் வேண்டும். ஆனால் நமக்கே லாபமானதை அதுவரை ஏன் தள்ளிப்போட வேண்டும்? 2014இல் அரசு 310 ரூபாய்க்கு மொத்தமாக வாங்கிய எல்இடி பல்பு, இரண்டே வருடத்தில் 38 ரூபாய்க்கு இறங்கியது. 2010இல் யூனிட் 12 ரூபாயை ஒட்டி ஏலம் போன சூரிய மின்சாரம், 2017இல் ராஜஸ்தானின் பத்லாவில் 2.44 ரூபாய்க்கு வந்தது. இரவுக்கு பேட்டரி, புது மின்தடம் என்று கூடுதல் செலவு உண்டு, அதை மறைக்கக் கூடாது.

இன்னொரு பக்கம், வெயிலால் 2030இல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8% இழக்கும், அது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தது. தகரக் கூரைக்குக் கீழே பட்டறை நடத்துபவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): மாடியில் சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா?

பதில்: 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீடு என்றால் தாராளமாக யோசியுங்கள் அம்மா. இலவச 100 யூனிட்டை ஒட்டியே நிற்கும் வீட்டுக்கு அவசரமில்லை.

கேள்வி (மாணவர், நெய்வேலி): சார், அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். நிலக்கரி வேண்டாம் என்றால் நாங்கள் எங்கே போவது?

பதில்: தம்பி, நடவடிக்கைக்கான செலவில் உண்மையாகவே வலிக்கும் பகுதி இதுதான். மற்றவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஜெர்மனியில் ஆழ்சுரங்க நிலக்கரிக்கான மானியத்தை 2018இல் நிறுத்துவோம் என்று 2007லேயே முடிவு செய்தார்கள். பதினொரு வருட அவகாசம். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. பழுப்பு நிலக்கரிக்கு 2038 வரை கெடு வைத்து, அந்தப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். தேதியும் பணமும் முன்னாலேயே சொல்லப்பட்டன. நெய்வேலிக்கும் அதைத்தான் கேட்க வேண்டும்.

அப்பா நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்பந்தம் என்றால் ஆட்குறைப்பில் முதலில் அடிபடுவது அவர்கள்தான். டவுன்ஷிப்பை நம்பி இருக்கும் டீக்கடை, சைக்கிள் கடைக்காரர்களுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. இழப்பீட்டுக் கணக்கை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.