கடலைத் தூர்க்கும் பறவை: கேள்வி பதில்

கே: சீனத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒரு பாட்டி 'ஜிங்வெய் தியன் ஹாய்' என்கிறாள். அப்படி என்றால்?

ப: ஜிங்வெய் ஒரு பறவை, தியன் தூர்ப்பது, ஹாய் கடல். நாலே சீன எழுத்தில் அடங்கிய இந்த மாதிரிச் சொற்றொடர்களைச் செங்யூ என்பார்கள். கதை 'ஷான்ஹாய் ஜிங்' என்ற பழைய நூலில் வருகிறது. யான்டி என்ற ஆதி அரசனின் கடைக்குட்டி நுவா, கிழக்குக் கடலுக்குப் போனவள் மூழ்கிப்போகிறாள், திரும்பவேயில்லை. அப்புறம் பறவையாகிறாள்: காக்கை சாயல், வரியோடிய தலை, வெள்ளை அலகு, சிவந்த கால். தன் பெயரையே கத்திக்கொண்டு மேற்கு மலையிலிருந்து குச்சியும் கல்லும் கவ்விவந்து கடலில் போடுகிறாள். கடல் தூர்ந்ததா? நூல் வாயே திறக்காது; அந்த மலையில் ஜாங் ஆறு பிறக்கிறது என்று அடுத்த சேதிக்குப் போய்விடும். இன்றைய பொருள், எத்தனை இடர் வந்தாலும் விடாமல் முயல்வது. முன்பு தீராத பகை என்ற பொருளும் இருந்தது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: வானத்து ஓட்டையை அடைத்த தேவி நுவா வேறு ஆள். தமிழில் எழுதினால் ஒன்றுபோல இருக்கும், சீனத்தில் எழுத்தும் தொனியும் வேறு.

கே: வானத்தை அடைத்தவளே ஏன் கடலையும் அடைத்தாள்?

ப: மேலே பாருங்கள்.

கே: கையில் பச்சை குத்த எழுத்து தருவீர்களா?

ப: மாட்டேன். சீனம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் ஊசியைத் தொடாதீர்கள்.

கே: இது நம் பஞ்சதந்திரக் கதைதானே? முட்டையைக் கொண்டுபோன கடலை ஆள்காட்டிக் குருவி வற்றவைக்கப் பார்க்குமே. அங்கிருந்து போனதுதான்.

ப: எது வந்தாலும் இங்கிருந்து போனதுதானா? அந்தக் குருவிக்குக் கருடன் துணைக்கு வருகிறான், கடல் பயந்து முட்டையைத் திருப்பித் தருகிறது. ஜிங்வெய்க்கு யாரும் வருவதில்லை, திருப்பித் தர எதுவும் மிச்சமில்லை, செத்தவளே அவள்தான். தவிர, ஷான்ஹாய் ஜிங்கின் பழைய பகுதிகள், நம் கதைகளைச் சுமந்துகொண்டு பௌத்தம் சீனத்துக்குப் போகும் முன்பே எழுதப்பட்டவை.

கே: அப்படியானால் அங்கிருந்து இங்கே வந்ததா?

ப: ஐயா, குருவியும் கடலும் ரெண்டு ஊரிலும் உண்டு. விடுங்கள்.

கே: வாங் ஜிங்வெய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ப: அதே பறவைதான், அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். 1910இல் இளவரசர் ஒருவரைக் குண்டு வைத்துக் கொல்லப் பார்த்துச் சிறைக்குப் போன புரட்சிக்காரர், 1940இல் நான்ஜிங்கில் ஜப்பானியரின் கைப்பாவை அரசுக்குத் தலைவரானார். பாவம் பறவை.

கே: கழுத்தில் குத்தினால்?

ப: கழுத்தானாலும் அதே பதில்.