மறுபடி எடுத்தால் பழைய சி போய்விடுமா? அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் கேள்வி பதில்

பிரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் கல்லூரி) மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. விசா, ஸ்காலர்ஷிப் கேள்விகளுக்கு நான் ஆளில்லை.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி. மறுபடி எடுத்து ஏ வாங்கினால் சி போய்விடுமா அக்கா?

போகாது தம்பி. உங்கள் கல்லூரி பழைய கிரேடைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். எம்டி (அமெரிக்காவில் டாக்டர் ஆவதற்கான அடிப்படைப் பட்டம்) விண்ணப்பங்களை வாங்கும் ஆம்காஸ் அமைப்பு இரண்டையும் சேர்த்துத்தான் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) போடும். 60 கிரெடிட்டுக்கு 3.30 வைத்திருக்கிறீர்கள் என்றால் 198 புள்ளி. ஏ என்றால் கிரெடிட்டுக்கு 4 புள்ளி, 4 கிரெடிட் பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கினால் 16 கூடும். 214-ஐ 64-ஆல் வகுத்தால் 3.34. ஒரு செமஸ்டர் உழைப்புக்கு இவ்வளவுதான். பயோகெமிஸ்ட்ரியை 4 கிரெடிட்டுக்கு எடுத்து ஏ வாங்கினாலும் இதே 3.34 வரும், புதிதாக ஒரு பாடமும் கையில் இருக்கும். பிறகு எதற்குப் பழையதையே திரும்பப் படிக்க வேண்டும்?

சி மைனஸ், டி, எஃப் என்றால் கதை வேறு. கட்டாயப் பாடங்களில் பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் குறைந்தது சி எதிர்பார்க்கின்றன. அப்போது மறுபடி எடுத்தே ஆகவேண்டும்.

பி மைனஸை மறுபடி எடுக்கலாமா?

வேண்டாம்.

மகள் சம்மரில் கம்யூனிட்டி காலேஜில் பிசிக்ஸ் எடுத்து டி வாங்கிவிட்டாள். அந்த டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்பாமல் விட்டால் என்ன மேடம்?

விடவே கூடாதும்மா. ஒரே ஒரு பாடம் படித்த இடமானாலும் காட்டியாக வேண்டும். மறைத்தது தெரிந்தால் விசாரணை வரும், அந்த அறிக்கை அவள் விண்ணப்பித்த பள்ளிகளுக்கும் போகும். டி வாங்கியதை மீட்டுவிடலாம், பொய்யை மீட்க முடியாது.

டிஓ (எம்டி போலவே டாக்டராக்கும் ஆஸ்டியோபதிப் பட்டம்) பள்ளிகளில் பழைய கிரேடை எடுத்துவிடுவார்களாமே?

அது பழைய கதை. 2017 மே மாதத்திலிருந்து அங்கேயும் எல்லா முயற்சியும் கணக்கில் வரும்.

டிஓ எல்லாம் செகண்ட் கிளாஸ். பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள்.

சார், 50 மாநிலங்களிலும் டிஓ முழு லைசென்ஸுடன் மருந்து எழுதுகிறார், ஆபரேஷன் செய்கிறார். 2020-லிருந்து ரெசிடென்சிக்கும் (பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி) எம்டி, டிஓ இருவருக்கும் ஒரே அங்கீகார அமைப்புதான். நியூரோசர்ஜரி, டெர்மட்டாலஜி மாதிரி துறைகளில் டிஓ படித்தவர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பிபி மாத்திரையை எழுதித் தருகிறவர் பெயருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

பார்த்தேன், டிஓ. அது வேறு விஷயம். ஊரில் கேட்டால் என்ன சொல்வது?

டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொல்லுங்கள் சார்.

எனக்கு 34 வயது, டெக்சாஸ்வாசி. 12 வருஷம் முன்னால் வாங்கிய எஃப்கள் இருக்கின்றன.

டெக்சாஸில் அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட் என்று ஒரு சட்டம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய பாடங்களை அரசுக் கல்லூரிகள் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் எஃப்கள் மட்டுமில்லை, அந்தக் காலத்து ஏக்களும் சேர்ந்தே போகும். ஆம்காஸுக்கு இந்தச் சலுகை செல்லாது.

கால்குலஸில் சி. மறுபடி எடுத்தால்...

முதல் பதிலைப் படியுங்கள்.

ஜெனரல் கெமிஸ்ட்ரியில் சி பிளஸ். மறுபடி...

முதல் பதில்!

மிட்-டெர்ம் தேர்வில் 48. இப்போதே விலகிவிடவா அக்கா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். விலகினால் விழும் டபிள்யூ ஜிபிஏவில் சேராது. ஒன்றிரண்டு இருந்தால் யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள், வருஷா வருஷம் இருந்தால் கேள்வி வரும். பேராசிரியரிடம் போய், மீதித் தேர்வுகளில் எவ்வளவு எடுத்தால் பி வரும் என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். ஆகாது என்றால் கடைசித் தேதிக்கு முன்பே விலகிவிடுங்கள். தேதி கல்லூரிக் காலண்டரில் இருக்கும், என்னிடம் கேட்காதீர்கள்.