ரெஸ்டோர் செய்த 1968 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை மடிக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று 19,500 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. பழைய காருக்கு பெயின்ட் அடித்ததற்கா இவ்வளவு விலை? நம்பி வாங்கலாமா?

"பெயின்ட் அடித்ததற்கா" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதில்.

நீங்கள் வேலைக்காக இங்கிலாந்து வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கூரையை மடித்துவிட்டு கிராமத்துச் சாலையில் போகும் இரண்டு சீட் காரைப் பார்த்து ஆசை வந்திருக்கும். அப்படித்தான் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விலை நியாயமாகவும் இருக்கலாம், பகல் கொள்ளையாகவும் இருக்கலாம். விளம்பரத்தில் பளபளக்கிற பெயின்ட்டை வைத்து அதைச் சொல்லவே முடியாது. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டி போல ஒரு தகரம் ஓடும். சில் என்பார்கள். காரின் விலை அதில்தான் இருக்கிறது.

என் அப்பா திண்டுக்கல்லில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர். நான் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் ஒரு ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இதே 1968 மாடல் எம்ஜிபி ஒன்றை முழுசாக அவிழ்த்து, அழுகியதை வெட்டி, புதுத் தகரம் வைத்து, சில காலம் ஓட்டி, போன வருடம் விற்றேன். நான் வியாபாரி இல்லை. இந்தப் பதிலால் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரானது, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே இருக்கும் அபிங்டன் என்ற சின்ன ஊரில். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்ப்பரேட்டர், சுமார் 95 குதிரைசக்தி. நம் அம்பாசிடரில் பல காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே பி-சீரிஸ் என்ற எஞ்சின் குடும்பம்தான். நான் முதன்முதலாக ஸ்டார்ட் செய்தபோது அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்க்கவே இல்லை அவர், போனைக் காதில் வைத்துக்கொண்டார். "டேய், இது நம்ம அம்பாசிடர் சத்தம்டா. ரெண்டாவது சிலிண்டர்ல டேப்பட் லூசா இருக்கு பாரு" என்றார். கேஜ் வைத்துப் பார்த்தேன். அதேதான்.

எஞ்சினைப் பற்றி நீங்கள் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். உதிரிபாகம் எல்லாம் கிடைக்கிறது, வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பாடிதான் விஷயம். இதற்கு முந்தைய எம்ஜிஏ காருக்குத் தனி சேஸிஸ் உண்டு. எம்ஜிபிக்கு அது கிடையாது, பாடியே சேஸிஸ். அம்பாசிடரும் அப்படித்தான், ஆனால் அதற்குக் கூரை இருந்தது. ரோட்ஸ்டரில் மேலே ஒன்றுமே இல்லாததால் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்திருப்பதில் பெரும்பங்கு இந்தச் சில்லுக்கும், தரையின் நடுவில் மேடாக ஓடுகிற டனலுக்கும்தான்.

அந்தச் சில் ஒற்றைத் தகரம் இல்லை. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் கேசில் ரெயில் என்று ஒரு மடிப்புத் தகரம். முன்சக்கரம் அடிக்கிற சேறு, குளிர்காலத்தில் சாலையில் தூவுகிற உப்போடு சேர்ந்து முன் விங்குக்குள், அதாவது சக்கரத்தை மூடியிருக்கிற பாடித் தகரத்துக்குள், போய்த் தங்கிவிடும். அங்கிருந்து உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு வரும். என் காரில் வெளித்தகரத்தைக் கிரைண்டரில் வெட்டித் திறந்தபோது நடுத்தகரம் என்று ஒன்று இல்லை. செம்மண் மாதிரித் துரு, கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டியது.

இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றால் முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும், ஏனென்றால் சில்லின் இரண்டு முனைகளும் அவற்றுக்கு அடியில் போகின்றன. வெட்டுவதற்கு முன்னால் கதவு இடைவெளியில் குறுக்கே பைப் வைத்து வெல்டு அடித்துப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் முழுசாக முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடலாம். ஒவ்வொரு டாக் வெல்டுக்கும் (தகரத்தைத் தற்காலிகமாகப் பிடிக்கிற பொட்டு வெல்டு) கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் அந்தக் கதவு ஆயுசுக்கும் சரியாகச் சாத்தாது. நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த மணிக்கணக்குக்குத்தான் போகிறது. பெயின்ட் கடைசியில் வருவது.

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். அழுகின சில்லை அப்படியே விட்டு, மேலே புதுத் தகரத்தைப் போர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்து, அடியில் அண்டர்சீல் என்கிற கறுப்புப் பூச்சை அடித்துவிடுவார்கள். ஒன்றிரண்டு குளிர்காலம் தாங்கும். அதுவும் "முழு ரெஸ்டோரேஷன்" என்ற பெயரில்தான் விற்கிறது.

என் காரைப் பார்க்க வந்த ஒருவர் குரோம் பம்பரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், ரேடியோ அசலா என்று கேட்டார், வெல்டிங் படங்களை நீட்டியபோது வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு 3,000 பவுண்டு குறைக்கச் சொன்னார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். வேறொரு நாள் ஒரு பெண்மணி வந்தார், ஐம்பது வயது இருக்கும். பழைய போர்வையைத் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தார். கேசில் ரெயிலில் தண்ணீர் வடிகிற துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொல்லி, ஜாக்கி வைக்கும் இடத்தில் காரைத் தூக்கச் சொன்னார். தூக்கின நிலையிலேயே கதவைத் திறந்தார். இழுபடாமல் திறந்தது. சில் பலமில்லாத காரில் இடைவெளி சுருங்கிக் கதவு கவ்விக்கொள்ளும். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அவர் கேட்காமலேயே விலையைக் குறைத்துக் கொடுத்தேன்.

"இந்தக் காசுக்கு இதே மாதிரி கூரை மடிக்கிற, புதுக் காலத்து மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கலாமே, மழையில் ஒழுகாதே" என்று யாராவது வருவார்கள். உண்மைதான். தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் அதையே வாங்குங்கள். "வெள்ளைக்காரன் காருக்கு என்ன புகழ்ச்சி" என்பவர்களுக்கு: நான் புகழ்வது கார் கம்பெனியை இல்லை, தகர வேலையை. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டு அசலைக் கெடுத்துவிட்டாய் என்பவர்களுக்கு: கழற்றிய பழைய இக்னிஷன் பாயின்ட்டைத் துடைத்து டப்பாவில் போட்டுக் காரோடு கொடுத்தேன், ஒரு மணி நேரத்தில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். ஊரில் என் அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டிங்கர்" தான். "டிங்கர் பையனுக்கா பொண்ணு கொடுப்பது" என்று எங்கள் வீட்டு வாசலிலேயே பேசிய சொந்தக்காரர்கள் உண்டு. இன்றைக்கும் "லண்டன் போயும் தகரம்தான் தட்டுறானாம்" என்கிறார்கள். இங்கேயும் நிலைமை பிரமாதமில்லை. எனக்குத் தகர வெல்டிங் சொல்லிக்கொடுத்த மாலை வகுப்பை அந்தக் கல்லூரி இழுத்து மூடிவிட்டது, ஆள் சேரவில்லையாம். உள்ளே இருக்கிற வேலையை யாரும் பார்ப்பதில்லை, மேலே இருக்கிற பளபளப்பைப் பார்த்துப் பேசுகிறார்கள். உங்கள் கேள்வியில் சுருக்கென்று பட்டது அதுதான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். நேரில் போகும் முன்பே மூன்று விதமான படங்களைக் கேளுங்கள்: சில்லை வெட்டித் திறந்தபோது எடுத்தது, முன் விங் கழற்றி இருந்தபோது எடுத்தது, பெயின்ட்டுக்கு முன் வெறும் தகரமாக இருந்தபோது எடுத்தது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தருகிற ஹெரிடேஜ் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கார் எந்தத் தேதியில் தயாரானது, எந்த நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று அதில் இருக்கும். அமெரிக்கா என்று இருந்து, ஸ்டியரிங் இப்போது வலப்பக்கம் இருந்தால் அது இடப்பக்க ஸ்டியரிங்காகப் பிறந்து பின்னால் மாற்றப்பட்ட கார். அது குறை இல்லை, ஆனால் விளம்பரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், ஆறின நிலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க வேண்டும். கம்பி வீல் என்றால் முன்னும் பின்னுமாக எடுக்கும்போது "டக்" என்று சத்தம் வருகிறதா கவனியுங்கள், வந்தால் ஸ்ப்ளைன், அதாவது வீலை அச்சோடு பிணைக்கிற பற்கள், தேய்ந்திருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூடியைத் திறந்து பேட்டரிப் பெட்டியைப் பாருங்கள். இரண்டு 6 வோல்ட் பேட்டரி அங்கேதான் இருக்கும், ஆசிட் சிந்தித் தகரம் போயிருக்கும். 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோல் எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது, அதனால் பழைய ரப்பர் குழாய்களை மாற்றினார்களா என்றும் கேட்டுவிடுங்கள். சாலை வரி கிடையாது, 40 வருடம் தாண்டிய கார். இன்ஷூரன்ஸை மட்டும் முன்பே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள்.

படங்கள் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வெல்டிங் படம் ஒன்றுகூட இல்லை என்று அவர் சொன்னால், அந்தக் காரை ரெஸ்டோர் செய்யாத கார் என்றே நினைத்து, அப்படிப்பட்ட காருக்கு உரிய விலைக்குப் பேசுங்கள்.